மூன்று பெட்டி, ஒரு காற்றலை

நெல் நிறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், வெங்காயம் நிறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் காற்றை நிறுக்கிற தொழிலில் இருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். கரண்ட் மீட்டர் பார்க்கப் போகிறவர்கள், கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் டீச்சர்கள், கொசு மருந்து அடிக்கிறவர்கள் என்று யார் வீட்டு வாசலிலோ நின்று, “இது எதுக்கு?” என்ற கேள்விக்கு நாக்கு உலர்ந்து போனவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

விஷயம் இதுதான். மதகைத் திறந்ததும் வாய்க்கால் தண்ணீர் மேடும் பள்ளமுமாகத் துள்ளிக்கொண்டு போகும் இல்லையா? எழும்பிய தண்ணீரைப் பூமி கீழே இழுக்கிறது. அது இறங்கிய வேகத்தில் மறுபடி எழும்புகிறது. காற்றும் அப்படித்தான். பெரிய இடிமழை மேகம் ஒன்று காற்றை மேலே தள்ளிவிட்டால், அந்தக் காற்று விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, அலையாக ஊர் ஊராகப் போகும். பூமி இழுப்பதால் வருகிற அலை என்பதால் ஈர்ப்பு அலை என்று அதற்குப் பெயர். அது தலைக்கு மேலே போகும்போது நம் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் எடை ஆயிரத்தில் ஒரு பங்கு கூடிக் குறையும். நமக்குத் தெரியாது. என் பெட்டிக்குத் தெரியும்.

பெட்டிகள் மூன்று. திருக்காட்டுப்பள்ளியில் ஒன்று, மயிலாடுதுறையில் ஒன்று, கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்று. ஒரு பெட்டி பார்த்தால் அலை போனது தெரியும், அவ்வளவுதான். மூன்றும் பார்த்தால்தான் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போனது என்று கணக்குப் போட முடியும். தஞ்சாவூரில் என் கைடு மேடம் போட்ட நிபந்தனை இது: “ஒரே ஒரு அலை போதும். ஆனா மூணு பெட்டியும் பாத்திருக்கணும். இந்தக் கோடை மழை முடியறதுக்குள்ள கிடைக்கலைன்னா பெட்டி வேற காலேஜுக்குப் போயிடும். உன் ஆராய்ச்சி அதோட நின்னுடும்.” எங்கள் தெருவில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆள் நான். நடவுக்குப் போகிற வயலில் எல்லாம் அம்மா அதைச் சொல்லி வைத்திருக்கிறாள். அலை கிடைக்காமல் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் மூன்று வருடமாக எனக்கிருந்த பயம்.

கையை நீட்டிய ராஜாத்தி அக்கா

திருக்காட்டுப்பள்ளியில் பெட்டி இருப்பது கலியமூர்த்தி அண்ணனின் மோட்டார் கொட்டகையில். பெட்டியை வைத்த அன்று அவர் என்னவென்று கேட்டார். காற்றழுத்தம், வளிமண்டலம் என்று ஆரம்பித்தால் பொழுது போய்விடும் என்று பயந்து, “பிரஷர் பாக்குற மெஷின்ண்ணே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனங்களில் அது ஒன்று.

அடுத்த வாரம் போகிறேன், கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பேர். கலியமூர்த்தி அண்ணன் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். முதலில் உட்கார்ந்திருந்த ராஜாத்தி அக்கா இடது கையை நீட்டி, “காலைல மாத்திரை போடலம்மா, பாத்து சொல்லு” என்றார். நான் விளக்கினேன். இது மனுஷருக்கு இல்லை, காற்றுக்கு. காற்றும் எல்லாவற்றையும் அழுத்துகிறது, அந்த அழுத்தம் கூடுகிறது, குறைகிறது, அதை எழுதி வைக்கிறது இந்தப் பெட்டி. எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். ஒருவருக்கும் கோபம் இல்லை, ஏமாற்றம்தான். ராஜாத்தி அக்கா மட்டும் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“காத்துக்கே பிரஷர் இருக்குதுன்னா, மூணு பொண்ணக் கட்டிக் குடுத்த எனக்கு இருக்கிறதுல என்னம்மா தப்பு?”

தண்ணீர் வராத குழாய்

கீழ்வேளூர் பெட்டி சவரிமுத்து அண்ணன் வீட்டுக் கொல்லையில். அவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. பெட்டியோடு ஒரு கறுப்புக் குழாயும் உண்டு. அதில் வரிசையாகப் பொடி ஓட்டைகள் இருக்கும். சட்டென்று அடிக்கிற காற்றை அந்த ஓட்டைகள் பங்கு போட்டுக்கொண்டு சமன் செய்துவிடும். அந்தக் குழாயை நான்கு பக்கமும் தரையில் விரித்து முடிப்பதற்குள் கொல்லை நிறைய ஆள். அறுப்பிலிருந்து நேரே வந்த பெண்கள், கையில் அரிவாளோடு.

தப்பு அவர்கள் மேல் இல்லை. இந்தப் பக்கத்தில் வயலுக்குள் யாராவது குழாயோடு வந்தால், பூமிக்கு அடியில் வாயு இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வந்தவன் என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஊரே சோறு தண்ணி இல்லாமல் போராட உட்கார்ந்த விஷயம் அது. வார்டு உறுப்பினர் வசந்தா அக்கா முன்னால் வந்தார். “தோண்டுவியா?” தோண்ட மாட்டேன். “கீழேர்ந்து என்ன எடுப்ப?” ஒன்றும் எடுக்க மாட்டேன். “அப்ப குழாய் எதுக்கு?” காற்றுக்கு. அந்த நிமிஷம் எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. கழுத்தில் டேப்போடு நின்ற சவரிமுத்து அண்ணன் மெல்ல நழுவி மிஷினுக்குப் பின்னால் போய்விட்டார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில், ‘ஒரு விரக்கடை ஆழம்கூடத் தோண்ட மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வசந்தா அக்கா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“மேல பாக்குறதா இருந்தா எவ்வளவு வேணா பாத்துக்க. கீழ பாத்தேன்னு தெரிஞ்சுது, பெட்டி வாய்க்கால்ல கெடக்கும்.”

ஒரு சொல்

அதே கடையில், ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஓர் அம்மாள் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து உள்ளே வந்து குடியேறியவர் என்பது எனக்குத் தெரியாது. பெட்டி எதுக்கு என்றார். நான் நல்ல உற்சாகத்தில், “அலை வருதான்னு பாக்குறோம்மா. பெரிய அலை” என்றேன். அவர் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எப்ப வரும்? பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்குதுங்க” என்றார். கையைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கடல் இல்லைம்மா, காற்று, ஒருத்தரையும் ஒன்றும் செய்யாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இத்தனை வருடம் படித்தும் யாரிடம் எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று யோசிக்காமல் போனதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் மூச்சு வாங்கி, தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னது:

“இந்தப் பக்கம் அலைன்னு சொல்லாதம்மா, காத்து ஆடுதுன்னு சொல்லு.”

பத்து மணி, நாலு மணி

வெப்ப நாடுகளில் காற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலை பத்து மணி வாக்கில் எடை கூடும், சாயங்காலம் நாலு மணி வாக்கில் குறையும். இரவிலும் இப்படி ஒரு சுற்று. சூரியன் செய்கிற வேலை. மழை இல்லாத நாளில் இதைப் பார்த்துக் கடிகாரம்கூட வைக்கலாம். லேப்டாப்பில் அந்தக் கோட்டைக் கலியமூர்த்தி அண்ணனிடம் காட்டினேன். பத்து நாள் கோடு, ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி இறங்கி. அவர் திரைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் ஒவ்வொரு நாளாகத் தடவிக்கொண்டே போனார். இது மழை வருமா என்று சொல்லுமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அவர் கேட்கவில்லை.

“நாலு மணியானா எனக்கும் இப்படித்தான் தொய்ஞ்சு போவுது, நான் வயசாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

கிட்டி

முதல் அலையை எலி தின்றது.

பொய்யில்லை. சம்பா கதிர் முற்றுகிற நேரம், ஒரு நல்ல அலை வந்தது. மயிலாடுதுறைப் பெட்டி பார்த்தது, கீழ்வேளூர்ப் பெட்டி பார்த்தது. திருக்காட்டுப்பள்ளியில் போய்ப் பார்த்தால் பேட்டரி ஒயர் இரண்டு துண்டு. கொட்டகை வாசலில் உட்கார்ந்து அந்த எலியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். கலியமூர்த்தி அண்ணன் கிட்டி வைக்கிறவரைக் கூட்டி வந்தார். மூங்கிலை வில்லாக வளைத்து, நடுவில் நெல் வைத்து, எலி வந்து தொட்டால் பட்டென்று இறுக்கிவிடும் பொறி அது. வந்தவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒன்று வைத்தால் போதாதா என்று கேட்டேன். எனக்கு அன்றைக்கு எரிச்சல். அவர் நிதானமாக மூன்றாவது கிட்டியை ஊன்றிக்கொண்டே பதில் சொன்னார். என் கைடு மேடம் மூன்று வருடமாகச் சொல்வதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

“ஒரு கிட்டி வெச்சா எலி வந்துட்டுப் போனது தெரியும், மூணு பக்கம் வெச்சாத்தான் எங்கேர்ந்து வருது, எங்க போவுதுன்னு தெரியும்மா.”

மாடி ஏறிய பெட்டி

மயிலாடுதுறையில் பெட்டிக்கு இடம் கொடுத்தவர் ஞானசுந்தரி டீச்சர். லுத்தரன் குடும்பம், வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். டிசம்பர் நடுவில் அவர் வீட்டுப் பெட்டியில் ஒரு பள்ளம் பதிவாகியிருந்தது. அரை மில்லிபாருக்கு, அதாவது காற்றின் எடையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு, கொஞ்சம் குறைவு. காலையில் இறங்கி, சில மணி நேரம் கிடந்து, மத்தியானம் ஏறியிருந்தது. என்ன அழகான பள்ளம்! மற்ற இரண்டு பெட்டியிலும் ஒன்றும் இல்லை. பரவாயில்லை, மயிலாடுதுறைக்கு மட்டும் ஒரு தனி அலை, புது விஷயம், உலகத்தில் யாரும் பார்க்காதது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு கைடு மேடத்துக்குப் போன் செய்தேன். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த வீட்டுக்கு மாடி இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. ஒரு மாடி ஏறினாலே தலைக்கு மேலுள்ள காற்று சரியாக அவ்வளவு குறையும். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு தெறிக்கக் கூடாதென்று டீச்சர் பெட்டியை ஒயரோடு பத்திரமாக மாடிக்குத் தூக்கிப் போய், வேலை முடிந்ததும் துடைத்துக் கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறார். நல்ல எண்ணத்தைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. நான்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிலும் பாதி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கருவி டீச்சர் இது, இப்படித் தூக்கலாமா என்று கத்தினேன். டீச்சர் பிளம் கேக் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில் கேட்டார்:

“அவ்வளவு நுணுக்கமாப் பாக்குற மெஷினுக்கு, யாரோ தன்னைத் தூக்கிக்கிட்டுப் போறாங்கன்னு தெரியாதா?”

தையலுக்கு விட்ட மணி

கோடை வந்துவிட்டது. கல்லூரியில் பெட்டிகளை வேறு காலேஜுக்கு அனுப்புகிற நாளைக் குறித்துவிட்டார்கள். இதற்கு நடுவில் கீழ்வேளூரில் பேட்டரி இறங்கி, பெட்டி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. அப்படி நின்று ஓடினால் அதன் மணி பூஜ்யத்துக்குப் போய்விடும். யாராவது சரியான நேரத்தை வைக்க வேண்டும். சவரிமுத்து அண்ணன் போன் செய்தார். “மணி போயிடுச்சு தங்கச்சி. நீங்க அன்னிக்கி வெச்சத பாத்திருந்தேன்ல, நானே வெச்சுட்டேன்.” தொடாதீர்கள் தொடாதீர்கள் என்று எல்லாரையும் கடித்துக்கொண்டிருந்த நான், முதல் தடவையாக ஒருவருக்கு வாயார நன்றி சொன்னேன்.

அடுத்த வாரமே வந்தது அலை. மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு இடித்தது. மழைக்கு முன்னால் அலை ஓடியது. முதலில் திருக்காட்டுப்பள்ளி, பிறகு மயிலாடுதுறை. மெமரி கார்டுகளை எடுத்துக்கொண்டு கடைசியாகக் கீழ்வேளூர் போனேன். தையல் மிஷின் மேலேயே லேப்டாப்பை வைத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது! அதே ஏற்றம், அதே இறக்கம், மறுபடி ஒரு சின்ன ஏற்றம். சவரிமுத்து அண்ணனின் மனைவி லூர்துமேரி அக்காவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன். புதுக் கார்டைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். கார்டு மாற்றும்போது பெட்டியின் மணியை நம் போன் மணியோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது நானே எழுதி ஒட்டிய விதி. சந்தோஷத்தில் அது மறந்தே போனது.

கைடு மேடம் மூன்று கோட்டையும் வெகுநேரம் பார்த்தார். “கீழ்வேளூர் நடுவுல நின்னு ஓடியிருக்கே, மணி வெச்சது யாரு? எதைப் பாத்து வெச்சாரு?” அலை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக எத்தனை நிமிடம் என்பதுதான் முழுக் கணக்கும். அங்கேயே நின்று போன் போட்டேன். “வீட்டுக் கடிகாரத்தப் பாத்துத்தான் தங்கச்சி. கரெக்டா வெச்சேன்” என்றார். வீட்டுக் கடிகாரம் சரியான மணி காட்டுமா? “அது எப்படிக் காட்டும்? பஸ்ஸ விட்ருவோம்ல? துணி வெட்டும்போது தையலுக்குன்னு கொஞ்சம் விடுறோம்ல, அந்த மாதிரி மணிக்கும் கொஞ்சம் விட்டு வெச்சிருக்கோம்.” எவ்வளவு அண்ணே? “பத்து நிமிஷம்.” பின்னாலிருந்து லூர்துமேரி அக்காவின் குரல்: “பத்தா? கால் மணி நேரம். பாப்பா டியூஷனுக்கு லேட்டாப் போவுதுன்னு நான் இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சேன்.” எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? எங்கள் வீட்டுக் கடிகாரமும் முன்னால்தான் ஓடுகிறது. அண்ணே, ஒரு நிமிஷம் தப்பினால்கூட என் மூன்று வருஷமும் போச்சு, காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். எதையும் தொடாதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

காலையில் போனால் அவர் வாசலிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது. “நீங்க அப்படிப் பேசினதுல மனசே சரியில்ல தங்கச்சி. செல்போனப் பாத்து, நிமிஷம் மாறுற வரைக்கும் காத்திருந்து பெட்டி மணிய டக்குனு சரி பண்ணிட்டேன். வீட்டுக் கடிகாரத்தையும் சரி பண்ணிட்டேன்.” இரண்டையும்! மணி எவ்வளவு முன்னால் ஓடியது என்பதற்கு இருந்த இரண்டு சாட்சியையும் அவரே அழித்துவிட்டார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. கட்டிங் மேஜைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, வெட்டுத்துணிக் குவியலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா இந்நேரம் எந்த வயலில் நின்று என்ன சொல்லிக்கொண்டிருப்பாளோ என்று நினைத்து இன்னும் அழுதேன். லூர்துமேரி அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “எடுக்க வேண்டியத எடுத்துக்கிட்டுப் போம்மா, மத்தத அப்புறம் பாப்போம்” என்றார்.

சரிதான் என்று கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். பெட்டி பத்து வினாடிக்கு ஒரு தடவை நேரத்தையும் அழுத்தத்தையும் எழுதும். முந்தின சாயங்காலத்துக்கு உருட்டினேன். ஏழு மணி பதினெட்டு நிமிடம் நாற்பது வினாடி என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி ஏழு மணி ஆறு நிமிடம். டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு வரியையும் மறுபடி படித்தேன். பழைய தப்பு மணியில் ஒரு வரி, அடுத்து அண்ணன் செல்போனைப் பார்த்து வைத்த சரியான மணியில் ஒரு வரி. இடையில் பெட்டி பின்னால் குதித்த தூரம்தான் வீட்டுக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்த நேரம். பன்னிரண்டு நிமிடம் நாற்பது வினாடி, மிஞ்சிப் போனால் பத்து வினாடி முன்னே பின்னே. பத்தும் இல்லை, கால் மணியும் இல்லை. அவர் தொடாமல் இருந்திருந்தால் நான் போனைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்திருப்பேன். தொட்டதால் பெட்டியே எழுதி வைத்துவிட்டது. அங்கேயே கணக்குப் போட்டேன். அலை மேற்கிலிருந்து நேர் கிழக்காகப் போயிருக்கிறது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கீழ்வேளூர் வர அதற்கு ஒரு மணி நேரம் சொச்சம். அதே தூரத்துக்கு நான் பஸ் மாறி மாறி அரை நாள் உட்கார்ந்திருப்பேன். கைடு மேடத்துக்குப் படம் அனுப்பினேன். “சரியா இருக்கு. எழுத ஆரம்பி” என்று பதில் வந்தது. அம்மாவுக்குப் போன் செய்து, “கிடைச்சிடுச்சும்மா” என்றேன், அந்தப் பக்கம் அவள் நடவு ஆள்களிடம் கத்துவது கேட்டது. நடந்ததைச் சவரிமுத்து அண்ணனுக்கு விளக்கினேன். இரண்டு தடவை கேட்டார். காதில் செருகியிருந்த, துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து சொன்னார்:

“அப்ப ஒரு தடவ தப்பாத் தொட்டு, ரெண்டாவது தடவ சரியாத் தொட்டதாலதான் உங்களுக்குப் பட்டமே வருதுன்னு சொல்லுங்க!”

ஆய்வேட்டில் அலையைப் பற்றி எல்லாப் பக்கமும் எழுதி முடித்துவிட்டேன். ‘கருவிப் பிழைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே, பஸ்ஸை விடாமலிருக்க ஒரு குடும்பமே சேர்ந்து பன்னிரண்டு நிமிடம் நாற்பது வினாடி தள்ளி வைத்த கடிகாரத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்பதில்தான் இன்னும் நிற்கிறேன்.